கனலோன் தோளில் ஒரு தார்ப்பாய்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நேற்று மாலை ஆறு மணி வரை தமிழனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளையெல்லாம் வரிசையில் நிற்கவைத்தால், ‘கனலோன்’ என்ற சூப்பர் ஹீரோ படத்தின் புது ட்ரெய்லர்தான் முதல் ஆளாக நிற்கும்.

இதைச் சொன்னவன் சபரிநாதன். எருமப்பட்டியில், தன் அப்பாவின் பன்னிரண்டு சக்கர லாரிக்கு முன்னால் நின்று, செல்போனைப் பார்த்து, கண் இமைக்காமல் சொன்னான். சிரிக்கவில்லை. ‘கனலோன் ரசிகர் பேரவை, நாமக்கல் கிழக்கு’ அமைப்பின் தலைவர் சிரிப்பதற்கு விதிகளில் இடமில்லை.

“ஏனுங்க, நாங் கேக்கறேன்,” என்று தொடர்ந்தான். “பழைய கனலோன் பறந்தா, தோள்ல பட்டுத்துணி நெருப்பாட்டம் பறக்குமுங்க. அதைப் பாத்து வளந்தவங்க நாங்க. இப்ப ரீபூட்டுன்னு சொல்லி மொதல்ல இருந்து எடுக்கறாங்க. புது ஆளு, புதுக் கதை. செரி, பொறுத்துக்கறோம். ஆனா தோள்ல என்னங்க அது? கேப்பா அது? தார்ப்பாயிங்க! லாரிக்குப் போடற தார்ப்பாய்! நான் லாரிக்காரன், நாஞ் சொல்றேன். சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவன் எவனாச்சும் தார்ப்பாயைத் தோள்ல கட்டிக்கிட்டு நிப்பானுங்களா? கண்றாவி! கொமட்டுது!”

ஒன்றரை நிமிட வீடியோ. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நான்கு லட்சம் பேருக்கும் குமட்டியது.

எப்படிக் குமட்டியது என்பதைக் கீழே விரிவாக எழுதியும் வைத்திருந்தார்கள். ஒருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவருக்குச் சின்ன வயது முழுவதும் பாழாகிவிட்டது. ‘அந்தத் துணியைச் செஞ்சவனை நேர்ல பாத்தா மூஞ்சியில காறித் துப்புவேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் சபரிநாதன் தன் கையால் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான்.

இந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறவர்கள், செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: லாரி முதலாளி சின்னுசாமிக்கும் முத்தாயம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சபரிநாதன் லாரி ஓட்டுகிறான். ஓட்டாத நேரத்தில் கனலோனைக் காப்பாற்றுகிறான். இளையவள் மதுமதி. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஒரு மளிகைக் கடை மாடியில், மொத்தமே ஒன்பது பேர் இருக்கும் கிராபிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்தப் படத்துக்கு வேலை செய்கிறோம் என்பதை ட்ரெய்லர் வரும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எட்டு மாதமாக வீட்டில் “ஒரு பெரிய படம்” என்று மட்டும் சொல்லிவந்தாள்.

போன வாரம் சின்னுசாமி பொறுமை இழந்தார். “படத்துல உம் பேரு வரும்னா சொல்லு அம்மணி, நான் காத்திருக்கேன். வராதுன்னா ஆவணி பொறந்ததும் திருச்செங்கோட்டுக்காரங்களைப் பொண்ணு பாக்க வரச் சொல்லிருவேன்” என்றார்.

ஆடி பாதி முடிந்துவிட்டது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், மடியில் அரைக் கிலோ பால்கோவாவுடன் மதுமதி நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். ட்ரெய்லர் வந்துவிட்டது. கையெழுத்தின் கெடு முடிந்தது. இனிமேல் வீட்டில் சொல்லலாம். கனலோன் தோளில் பறக்கும் அந்தக் கேப், அதன் ஒவ்வொரு மடிப்பு, ஒவ்வொரு அசைவு, எல்லாம் அவள் செய்தது.

ஊரே அதைத் திட்டுகிறது என்பது அவளுக்குத் தெரியும். யார் ஆரம்பித்தார்கள் என்பது தெரியாது. சனிக்கிழமை இரவு, அவளுக்கு மேலே பொறுப்பில் இருக்கும் ஷாஜாதி அவள் செல்போனைப் பிடுங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். “இதைத் தொறக்காத மதி. நான் போன் பண்ணா மட்டும் எடு. ஊருக்குப் போ. அம்மா கையால சாப்பிடு. திட்டறவங்க நாளைக்கு வேற எதையாவது திட்டப் போயிருவாங்க.”

ஷாஜாதி நல்ல பெண். நாமக்கல் கிழக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

எருமப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க நாமக்கல்லில் இறங்கி நடந்தபோது, முதலில் வந்தது நாற்றம்.

தியேட்டர் வாசலில் கனலோன் பேனர் இருபதடிக்கு நின்றது. எரிந்துபோன நகரம், நடுவில் கனலோன், தோளிலிருந்து கனத்துப் புரளும் அரக்குச் சிவப்புத் துணி. பேனருக்கு முன்னால் பதினோரு இளைஞர்கள். அவர்கள் காலடியில் மூன்று அட்டை முட்டை. பேரவைச் செயலாளர் தனசேகரின் கோழிப்பண்ணையில் கீறல் விழுந்து ஒதுக்கியவை. மூன்று வாரம் தகரக் கூரையடியில் கிடந்தவை.

மற்ற ஊர்களில் பிடித்த நடிகருக்குப் பால் ஊற்றுவார்கள். நாமக்கல்லில் பிடிக்காதவருக்கு முட்டை இருக்கிறது.

“பேரவை!” என்று கத்தினான் தனசேகர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே.

“வாழ்க!” என்றார்கள் மற்றவர்கள், அவரவர் மூக்கைப் பொத்திக்கொண்டே.

முட்டைகள் பறந்தன. உடைந்த இடத்திலிருந்து பச்சையும் கறுப்புமாக ஒன்று வழிந்தது. அதை மஞ்சள் கரு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒருவன் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தான். இன்னொருவன் அதைப் படம் பிடித்தான். பத்து நிமிடத்தில் அது ‘ட்ரெய்லரைப் பார்த்த ரசிகர் வாந்தி’ என்று வெளிவந்துவிட்டது.

மதுமதி நின்ற இடத்திலேயே நின்றாள். எட்டு மாதம். அந்த மடிப்பு தோளிலிருந்து இறங்கும் இடத்துக்கு மட்டும் பதினேழு நாள். அதன் மேல் கறுப்பு வழிந்தது.

கூட்டத்தின் நடுவில், சட்டையெல்லாம் தெறித்த நிலையில், குறிபார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

“மதி!” என்றான் சபரிநாதன். முகமெல்லாம் மகிழ்ச்சி. “எப்ப வந்தே? நல்ல நேரத்துக்கு வந்திருக்கற. எம்பட வீடியோ பாத்தியா? நாலு லட்சம்! ‘தார்ப்பாய்’னு நான்தான் மொதல்ல சொன்னேன். இப்ப ஊரே சொல்லுது.”

“நீங்களாண்ணா?”

“பின்ன? இந்தா, புடி.” அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். “அந்தக் கேப்பைச் செஞ்சான் பாரு ஒருத்தன், அவம் மூஞ்சின்னு நெனச்சுக்கிட்டு வீசு. நம்மூட்டுல இருந்து நீயும் வீசணும்.”

மதுமதி முட்டையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

“ஊட்டுக்கு வாங்கண்ணா,” என்றாள். முட்டையை வீசவில்லை. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். எருமப்பட்டிவரை பஸ்ஸில் ஒரு கையில் பால்கோவா, ஒரு கையில் அழுகல் முட்டை. எது குலுங்கக் கூடாதோ அதைக் கவனமாகப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் சபரிநாதன் வீடு திரும்பியபோது முத்தாயம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள வராத. என்ன சாமி இது, செத்த எலியாட்டம் நாறுது! தொட்டிக்குப் போ.”

“போராட்டம்மா.”

“போராட்டத்தைக் கழுவிட்டு வா.”

மூன்று முறை சோப்பு போட்டுக் குளித்தான். நான்காவது முறை சீயக்காய். நாற்றம் நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சின்னுசாமி ஏற்கனவே பாதி சாப்பாட்டில் இருந்தார். மேசை நடுவில் சோறு, பருப்பு, பிரிக்காத பால்கோவா டப்பா. டப்பாவுக்குப் பக்கத்தில், கைக்குட்டை மேல், ஒரு முட்டை.

“பச்சை முட்டையை எதுக்கு மேசை மேல வெச்சிருக்கற?” என்று கேட்டாள் முத்தாயம்மாள்.

“அண்ணன் குடுத்ததுங்கம்மா. கனலோன் துணியைச் செஞ்சவங்க மூஞ்சியில வீசச் சொன்னாரு.” மதுமதி நாற்காலியை அண்ணனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வீசுங்கண்ணா. பக்கத்துலதான் இருக்கறேன். குறி தப்பாது.”

சபரிநாதன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“அந்தத் துணியைச் செஞ்சது நான்,” என்றாள். “காறித் துப்பறதுன்னாலும் துப்பலாம். அதுக்குத்தான் இதயம் போட்டிருக்கறீங்களே. இப்பத்தான் பையைத் தொறந்து பாத்தேன்.”



சின்னுசாமி தலை நிமிர்ந்தார். லாரித் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். சுற்றி வளைக்கத் தெரியாது. “அப்ப பேரு வருமா?” என்றார்.

“ட்ரெய்லரைத் திட்ட ஆரம்பிக்கற வரைக்கும் வரும்னுதான் சொன்னாங்கப்பா,” என்றாள் மதுமதி.

“ஏம் மதி, முன்னாடியே சொல்லியிருந்தா…” என்று இழுத்தான் சபரிநாதன்.

“கையெழுத்துப் போட்டிருந்தேன்.”

“எங்கிட்டக் கூடவா?”

“உங்ககிட்டச் சொன்னா ஊட்ல சொல்ற மாதிரி இல்லீங்கண்ணா. பேரவையில தீர்மானம் போடற மாதிரி.”

சபரிநாதனுக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம். அதற்கு எப்போதும் கொஞ்சம் அதிகச் சத்தம் வேண்டும். “செரி, நீதான் செஞ்ச, தெரியாமப் போச்சு. ஆனா நாஞ் சொன்னதுல என்ன பொய்யி? அது தார்ப்பாயாட்டம் இருக்குதா இல்லியா? நான் லாரிக்காரன். எங் கண்ணுக்குத் தெரியாதா?”

“ஆட்டமெல்லாம் இல்லீங்கண்ணா,” என்றாள் மதுமதி. “தார்ப்பாயேதான்.”

“என்னது?”

“பட்டுல பதினோரு விதமாச் செஞ்சு குடுத்தோம். டைரக்டரு எல்லாத்தையும் தள்ளிட்டாரு. ‘எரிஞ்ச ஊரையே தோள்ல சுமக்கறவன், துணி கனமா இருக்கணும், காத்தோட சண்டை போடணும்’னாரு. மத்தவங்கெல்லாம் வெளிநாட்டுப் படத்தைப் போட்டுப் பாத்தாங்க. காத்தோட சண்டை போடற துணின்னா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். போன ஐப்பசி மழையில நம்ம வண்டி மேல ஏறித் தார்ப்பாய் கட்டுனீங்களே, அதை நான் போன்ல எடுத்து வெச்சிருந்தேன். அதைப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். அந்தக் காட்சியில ஆளும் கிராபிக்ஸ்தான், அவன் நிக்கறதும் நான் செஞ்சதுதான்.”

“நம்ம வண்டித் தார்ப்பாயா?”

“போய் ட்ரெய்லரை மெதுவா ஓட்டிப் பாருங்க. உங்களுக்குத் தெரியும்.”

அப்போதுதான் ஷாஜாதியின் அழைப்பு வந்தது. மதுமதி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தாள். முட்டைக்குப் பக்கத்தில்.

“மதி, உக்காந்திருக்கியா? படக் கம்பெனி பேசினாங்க. அந்தத் தார்ப்பாய் வீடியோவைப் பாத்து மேல இருக்கறவங்க பயந்துட்டாங்க. கேப்பையே தூக்கிட்டு வேற கம்பெனிகிட்டப் புதுசாச் செய்யலாம்னு பேச்சு. அப்பிடி ஆனா நம்ம ஒம்பது பேர் பேரும் படத்துல இருக்காது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு முடிவு.”

சின்னுசாமி சோற்றைத் தள்ளி வைத்தார்.

“ஒரு வழி இருக்குது,” என்றாள் ஷாஜாதி. “நீ பாத்துச் செஞ்ச அந்த ஐப்பசி மழை வீடியோ. நெஜத் தார்ப்பாயையும் கனலோனையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுக் காட்டினா, இது கேவலமில்ல, வேலைன்னு தெரியும். வெளிய விடறதுக்குப் படக் கம்பெனி அனுமதியும் வாங்கிட்டேன். அதுல நிக்கற ஆளோட சம்மதம் மட்டும் எழுத்துல வேணும். யாரு மதி அவரு?”

“எங்கண்ணன்.”

“நல்லதாப் போச்சு! வீட்டு ஆளுதான். எந்தண்ணன்?”

“எனக்கு ஒரே அண்ணன்தாங்க்கா.”

“அவரு லாரி…” ஷாஜாதி நிறுத்தினாள். “மதி. அந்த நாலு லட்சம் பேர் பாத்த வீடியோலயும் பின்னாடி ஒரு லாரி நிக்குது.”

“அதே லாரிதான்.”

“அவரா?”

“அவருதான்.”

“யா அல்லாஹ்,” என்றாள் ஷாஜாதி. அதற்குமேல் அவளிடம் தொழில்நுட்ப ஆலோசனை எதுவும் இல்லை.

எல்லோரும் சபரிநாதனைப் பார்த்தார்கள்.

அவன் நினைத்துப் பார்த்தான். நான்கு லட்சம் பேர். தார்ப்பாயைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்பவன் சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவனா என்று கேட்டவன் அவன். இப்போது வரப்போகும் வீடியோவில் தார்ப்பாயோடு நிற்கப்போகிறவனும் அவன். அடுத்த முட்டை அட்டையைத் தனசேகர் எந்தப் பக்கம் திருப்புவான் என்பதற்குப் பெரிய யோசனை தேவையில்லை.

“என்னால முடியாது,” என்றான்.

“சாமி…” என்றாள் முத்தாயம்மாள்.

“முடியாதுங்கம்மா! ஊர்ல தலை காட்ட முடியுமா? டீக்கடையில உக்கார முடியுமா? எம் மானம் போயிரும்.”

“அவ பேரு போகுதேடா,” என்றார் சின்னுசாமி.

சபரிநாதன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான்.

மதுமதி கெஞ்சவில்லை. “செரிங்கண்ணா,” என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவனோடு சண்டை போடாமல் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சின்னுசாமி கையைக் கழுவிக்கொண்டு துண்டை எடுத்தார். “அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு மேல திருச்செங்கோட்டுக்குப் போன் பண்ணிர்றேன்.”

முத்தாயம்மாள் ஏதாவது செய்ய வேண்டுமே என்று பால்கோவா டப்பாவைப் பிரித்து, வாசல்வரை போன மகன் கையில் ஒரு துண்டைத் திணித்தாள். அவன் வாயில் போட்டான். நகக்கண்ணில் இருந்த அழுகல் முட்டை பால்கோவாவோடு சேர்ந்து உள்ளே போனது. மென்றான். துப்பவும் முடியவில்லை. தங்கை அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி நிழலில் உட்கார்ந்து செல்போனை எடுத்தான். முதலில் தன் வீடியோவை அழித்தான். அழித்துவிட்டுத் தேடினால், அதே வீடியோ வேறு ஆட்கள் பெயரில் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒன்றில் அவன் முகத்துக்கு நாய்க் காது வைத்திருந்தார்கள். இன்னொன்றில் “கொமட்டுது, கொமட்டுது” என்பதற்கு மேளம் சேர்த்திருந்தார்கள். நேற்று இதையெல்லாம் அவனே பத்து பேருக்கு அனுப்பியிருப்பான். இன்றைக்குத் தன் குரலைக் கேட்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தனசேகரிடமிருந்து செய்தி வந்தது. ‘தலைவரே, நாளைக்குச் சேலம் போறம். அந்தக் கிராபிக்ஸ் கம்பெனி கொண்டப்பநாயக்கன்பட்டியில இருக்குதாம். அஞ்சு அட்டை ரெடி.’

அதைப் படித்தான். பதில் போடவில்லை. ட்ரெய்லரை ஓட்டினான். கால்வாசி வேகத்தில் வைத்தான்.

கனலோன் இடிந்த கட்டடத்தின் உச்சியில் நிற்கிறான். காற்று அடிக்கிறது. வலது மூலை எழுகிறது. துணி முழுவதும் புடைக்கிறது. இடது மூலை மட்டும் ஒரு கணம் தாமதித்து, மனமில்லாமல் எழுகிறது.

நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி பார்த்தான்.

வலது மூலை. ஒரு கணம். இடது மூலை.

அவர்கள் தார்ப்பாயின் இடது மூலையில் வளையம் பிய்ந்து மூன்று வருடம் ஆகிறது. புதிதாக அடிக்கச் சோம்பல்பட்டு, அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுற்றிக் கயிற்றால் முடிச்சுப் போட்டவன் அவன்தான். அந்தக் கல்லின் கனத்துக்கு அந்த மூலை எப்போதும் லேட். இதை உலகத்தில் கவனித்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் கட்டுகிறவன். இன்னொருத்தி கீழே நின்று பார்த்தவள்.

இன்னும் கொஞ்சம் ஓட்டினான். கனலோன் இடது காலை முன்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, துணியைக் காற்றிடமிருந்து பிடுங்குகிறான். தார்ப்பாய் கட்டுகிற எவனும் அப்படித்தான் நிற்பான். சபரிநாதன் மட்டும், பழைய அடி ஒன்றினால், வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நிற்பான்.

கனலோனும் தாழ்த்தியிருந்தான்.

வெயில் சாயும் நேரம். மேற்கிலிருந்து ஆடிக் காற்று சோளத்தட்டைப் போர்களை உலுக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் மேசை மேல் அந்த முட்டை இன்னும் அப்படியே இருந்தது. எடுத்துப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

சபரிநாதன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. லாரியின் பின்பக்க ஏணியில் ஏறினான். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

மடித்துக் கிடந்த தார்ப்பாயை விரித்தான். மேல் விளிம்பைத் தூக்கித் தோளில் போட்டான். கயிற்றின் இரண்டு முனைகளையும் கழுத்துக்குக் கீழே கொண்டுவந்து முடிந்தான். இடது காலை முன்னால் வைத்தான். முழங்காலை லேசாக மடக்கினான். வலது தோள் தானாகத் தாழ்ந்தது.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. தனசேகராக இருக்கலாம். ஷாஜாதியாக இருக்கலாம். இரண்டு கையும் துணியைப் பிடித்திருந்ததால் எடுக்க முடியவில்லை.

கீழே கதவு திறந்தது. முத்தாயம்மாள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மதுமதி.

“ஏஞ் சாமி, மழை வருதா?”

“இல்லீங்கம்மா.”

“அப்பறம் எதுக்குத் தார்ப்பாயி?”

“மதி, போன்ல படம் புடி,” என்றான். காற்று வந்தது. வலது மூலை எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல், இடது மூலைக்காகக் காத்திருந்தான்.